கண்ணைக் கட்டினால் தெரியுமா?

ஜான் விண்டம் என்ற ஆங்கில எழுத்தாளர் 1955-ல் 'தி கிரிசலிட்ஸ்' என்றொரு நாவல் எழுதினார். பேரழிவுக்குப் பிந்திய உலகம். வாய் திறக்காமல் மனதாலேயே பேசிக்கொள்ளும் சில பிள்ளைகள். அவர்களை இறைவனுக்கு ஆகாத பிறவிகள் என்று வேட்டையாடும் பெரியவர்கள். கதைதானே என்று மூடிவைத்துவிடலாம். ஆனால் 1692-ல் அமெரிக்காவின் சேலத்தில் டொரத்தி குட் என்ற நாலைந்து வயதுக் குழந்தையைச் சூனியக்காரி என்று விலங்கிட்டு ஏழெட்டு மாதம் சிறையில் வைத்தது கதையல்ல. தாய் சாரா குட் தூக்கிலிடப்பட்டாள். வெளியே வந்த மகளுக்குப் புத்தி தெளியவேயில்லை என்று தகப்பன் 1710-ல் மனு எழுதினார். இல்லாத சக்திக்கு இருக்கிற குழந்தை பட்ட பாடு!

நம்ம பக்கம் இது தலைகீழாக வந்தது. 2010-க்குப் பிறகு 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று ஊர் ஊராக வகுப்புகள். நடுமூளையைத் தூண்டினால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்குமாம், நிறம் சொல்லுமாம். கட்டணம் ஆயிரக்கணக்கில்.

நடுமூளையை யாரும் தூண்ட வேண்டியதில்லை. விழியைத் திருப்புவது, வெளிச்சத்துக்குக் கண்பாவையைச் சுருக்குவது, நம்மை விழிப்பாக வைத்திருப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பிறந்ததிலிருந்தே ஓடுகிற மெஷின். அது நின்றால் ஆள் கோமாதான்.

அப்போ எப்படிப் படிக்கிறார்கள்? ஹாஸ்டலில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும் துணி படியாது. அந்த இடுக்கு வழியே மடியில் வைத்த புத்தகம் தெரியும். தலையைச் சற்று நிமிர்த்தினால் இன்னும் தெரியும். மங்களூர் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதைத்தான் பல இடங்களில் விளக்கிக் காட்டினார். இன்னொரு சோதனையும் உண்டு: ஜன்னலை அடைத்து லைட்டை அணைத்துவிடுங்கள். (நெய்வேலியில் கரண்ட் தானாகப் போகும் என்று காத்திருக்க முடியாது!) கண் தேவைப்படாத சக்திக்கு வெளிச்சம் மட்டும் எதற்கு?

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு தப்பு செய்தேன். எங்கள் வட்டத்தில் ஒன்பது வயதுப் பெண். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஓவர்டைம் காசில் வகுப்புக்கு அனுப்பியிருந்தார். உறவுக்காரர் கூட்டத்தில் அவள் படித்துக் காட்ட, எல்லோரும் கைதட்ட, நான் எழுந்துபோய் மூக்கிடுக்கில் சப்பாத்தி மாவை அப்பிவிட்டேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. "கவனமே இல்லடி உனக்கு" என்று அப்பா கன்னத்தில் ஒன்று வைத்தார். நான் ஜெயித்த லட்சணம் இதுதான்.

மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "மொத நாளே கீழ தெரிஞ்சுதுண்ணா. தெரியலைன்னு சொன்ன பையனத் தனியா உக்கார வெச்சுட்டாங்க. அதான் எல்லாரையும் மாதிரி நானும் சும்மா தெரியுதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கூட்டத்தில் சோதிக்க வேண்டாம். முதலில் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அவர் கண்ணிலேயே கைக்குட்டையைக் கட்டி, மடியில் தினத்தந்தியை வையுங்கள். தலைப்புச் செய்தியை அவரே படிப்பார். பிறகு பிள்ளையைத் திட்ட அவருக்கு வாய் வராது.