தவளைத் தோலில் ஒரு கேடயம்

அன்புள்ள கயல்,

வைகை அணைப் பூங்காவில் நீ கேட்டது ஊருக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. "இந்தப் பாசித் தண்ணியிலயே கெடக்குதே, தவளைக்குப் புண்ணு வந்தா சீழ் பிடிக்காதா சித்தப்பா?"

அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஜாஸ்லாஃபும் இதைத்தான் யோசித்தார். ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறித் தைத்துக் கலங்கல் தொட்டியிலேயே விடுவார். புண் சீழ் வைக்காமல், வீங்காமல் ஆறியது. தோலை ஆராய்ந்து, 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டை 1987-ல் வெளியிட்டார். பெயர் 'மகைனின்'. எபிரேயத்தில் கேடயம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இத்தகைய துண்டுகள்தான் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள்.

இவற்றின் வேலைத்திறம் எனக்கு இன்றும் வியப்பு. பெப்டைடில் நேர்மின்சுமை, பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை. ஈர்க்கப்பட்டுப் போய் ஒட்டி, கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போடுகிறது. உள்ளிருப்பது கசிந்து பாக்டீரியா சாகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்தச் சுமை மிகக் குறைவு; கொலஸ்டிராலும் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் பிழைக்கின்றன.

அன்று படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாயே, அங்கேயும் இந்தப் படை இறங்கியிருக்கும். நம்மிடம் உள்ள இத்தகைய பெப்டைடுகளில் ஒன்று எல்எல்-37. அது கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. செத்த பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளும் காய்ச்சலையும் அழற்சியையும் கிளப்பும். அவற்றையும் பற்றி அடக்குகிறது. அளவு மிஞ்சினால் இதுவே சொரியாசிஸில் அழற்சியைத் தூண்டவும் செய்யும்.

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்கு வருகிறதல்லவா? அந்த மலைக்கு அப்பால், கேரளத்துத் தவளை ஒன்றின் தோல் சுரப்பில் 'உருமின்' என்ற இன்னொரு பெப்டைடு கிடைத்தது. உருமி என்னும் சுருள்வாளின் பெயர் அது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் இதை 2017-ல் அறிவித்தன. எச்1 வகை ஃப்ளூ வைரஸை அது உடைக்கிறது, எலிகளைக் காப்பாற்றியது. தவளைகளைக் கொல்லாமல், சுரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

பெப்டைடுகளை மருந்தாக்குவது எளிதல்ல. உடம்பின் நொதிகள் சீக்கிரமே அவற்றை வெட்டிவிடுகின்றன. நம் படைக்கும் எல்லை உண்டு. முழங்கால் சிவந்து வீங்கினால் அம்மாவிடம் சொல், டாக்டரைப் பார். மீந்த மாத்திரையை நீயாக விழுங்காதே. பூங்காவில் யாராவது தவளைமேல் கல்லெறிந்தால், உருமின் கதையைச் சொல்லித் தடு.

அன்புடன்,
சித்தப்பா