மதில் ஓரம் வைத்த மண்பிடிகள்: ரெட்டியார்பாளையத்து நிலம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு போர் போட்டார்கள். பத்தடி இறங்கும்போதெல்லாம் மேஸ்திரி ஒரு பிடி மண்ணை எடுத்து மதில் ஓரமாக வரிசையாக வைத்துக்கொண்டே போனார். முதலில் பழுப்பு மண். அடுத்துக் காவி கலந்த களி. பிறகு மஞ்சள் மணல். கடைசிப் பிடிகளில் வெளுத்த பருமணல். அதற்குள் கொட்டைப்பாக்கு அளவில் வழவழவென்ற கூழாங்கற்கள்.

வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ஒரு காலத்துல கடல் இங்க வரைக்கும் இருந்திருக்கு, அதான் மணல்" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். "அதெல்லாம் இல்லீங்க, கோரிமேட்டு மலையிலேர்ந்து சரிஞ்சு வந்த மண்ணு" என்றார் கொத்தனார். "கடலோர ஊருங்க, எங்க தோண்டினாலும் மணல்தான்" என்று முடித்துவைத்தார் பால்காரர். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த நாம் எல்லோரும் இந்த மூன்றையும் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். மூன்றும் சரியல்ல.

பால்காரர் சொன்னது எளிதாகத் தீரும். புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 293 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே நிலம் பல விதமாக இருக்கிறது. ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் கிழக்கே கடற்கரைக்குப் போனால் மிதிப்பது தெரியாது. தரை அவ்வளவு தட்டை. அதே சைக்கிளை வடக்கே கோரிமேட்டுக்கு விட்டால், ஜிப்மர் நெருங்கும்போது தொடை சொல்லிவிடும், ஏறுகிறோம் என்று. தெற்கே பாகூர் பக்கம் போனால் ஆற்று வண்டல். நெல்லும் கரும்பும் விளையும் கெட்டிக் களி. வடமேற்கே சேதராப்பட்டு, கரசூர் பக்கம் தோண்டினால் மணலே வராது, சுண்ணாம்புக் கல்லும் களிக்கல்லும் வரும். பாடப் புத்தகத்தில் நாம் படித்த 'கடற்கரைச் சமவெளி' என்ற ஒற்றைச் சொல், கடலை ஒட்டிய மணல் பட்டைக்குத்தான் பொருந்தும்.

கோரிமேட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் உருவான கதை முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. அதை 'மலை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மலை என்றால் செஞ்சி மலை. அது பூமிக்கு அடியில் உருகிய குழம்பு இறுகி உண்டான கருங்கல். சுமார் 250 கோடி ஆண்டு வயது. கோரிமேடு அப்படியல்ல. பழைய ஆறுகள் மேற்கேயுள்ள கெட்டிப் பாறை நாட்டிலிருந்து மணலையும் கூழாங்கல்லையும் களியையும் வாரிக்கொண்டுவந்து பல லட்சம் ஆண்டுகளாகப் பரப்பிப் போட்ட விரிப்பு அது. நிலவியலில் அதற்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். சிவப்பு நிறம் பின்னால் வந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் மண்ணிலிருந்த இரும்பு துருப்பிடித்துச் செம்மண்ணாகவும், சில இடங்களில் செம்பூராங்கல்லாகவும் ஆனது. "செவப்பா இருந்தா எரிமலை மண்ணு" என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே எரிமலைக்கு வேலையே இல்லை. துருதான் நிறம்.

பெயரில் ஏன் கடலூர்? அதே மணற்பாறைதான் கடலூரில் கேப்பர் மலையாக நிற்கிறது. நெய்வேலி நிலக்கரிக்கு மேலே போர்வையாகக் கிடக்கிறது. கோரிமேட்டுக்கும் கேப்பர் மலைக்கும் இடையே இன்று இருபது கிலோமீட்டருக்கு மேல் தாழ்ந்த வயல்வெளி. முன்னொரு காலத்தில் அந்த இடைவெளி இல்லை. இரண்டும் ஒரே மேடு. சங்கராபரணியும் தென்பெண்ணையும் நடுவே புகுந்து, அறுத்து அறுத்துப் பள்ளமாக்கி, பிறகு அந்தப் பள்ளத்தில் தங்கள் வண்டலையே கொட்டி நிரப்பின. வில்லியனூரும் பாகூரும் நிற்பது அந்த நிரப்பலின் மேல். ஆக, கோரிமேடு உயர்ந்து எழுந்ததால் மேடாகவில்லை. சுற்றியிருந்ததை ஆறுகள் அரித்துக்கொண்டு போனதால் மிஞ்சியது மேடாக நிற்கிறது. கொத்தனார் சொன்னபடி எதுவும் சரிந்து நம் தெருவுக்கு வரவில்லை. நம் தெருவே அந்தப் பழைய விரிப்பின் தாழ்ந்த விளிம்பு.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் அன்று கடைசிப் பிடியிலிருந்த ஒரு கல்லைக் கொடுத்தேன். "இது ஆத்துக்கல்லு மாதிரி இருக்கே" என்றார் அவரே. ஆமாம். உருண்டு உருண்டு முனை மழுங்கிய வெள்ளைப் படிகக்கல். கூடவே ஒரு சிப்பித் துண்டுகூட இல்லை. அந்தப் பருமணலை நம் தெருவுக்கு அடியில் போட்டது கடல் அல்ல, ஆறு.

ஆனாலும் பெரியவர் முழுக்கத் தவறிவிடவில்லை. கடல் வந்தது உண்மைதான்; அவர் நினைத்ததைவிட மிக உள்ளே, மிக முன்னால். வழுதாவூர், கரசூர் சுற்றுவட்டாரத்தில் ஓடைக்கரையிலும் கிணறு வெட்டிய மண்ணிலும் கல்லாகிப்போன சிப்பிகளும் சங்குச் சுருள்களும் கிடைக்கின்றன. இதைக் காட்டி "பிரளயம் வந்ததுக்குச் சாட்சி" என்பவர்கள் உண்டு. "குமரிக் கண்டத்தைக் கொண்டுபோன கடல்கோள்" என்பவர்களும் உண்டு. இரண்டுமே சில ஆயிரம் ஆண்டுக் கணக்கு. இந்தச் சிப்பிகளின் கணக்கு ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. இந்தியத் துண்டு அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, பிளந்த விளிம்பில் தாழ்ந்த காவிரிப் படுகைக்குள் கடல் புகுந்தது. ஒரே நாளில் அடித்துவிட்டுப் போன வெள்ளமாக இருந்தால் சிப்பிகள் தாறுமாறாகக் குவிந்திருக்கும். இங்கே அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு உயிரினங்களாக இருக்கின்றன. பல லட்சம் ஆண்டு அமைதியாகக் கிடந்த கடலின் அடித்தரை அது.

இதில் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பகுதியில் பொறுக்கிய புதைபடிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து பெயர் வைத்தார். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் என்ற கடலுயிர்களுக்கு அவர் தேர்ந்த பெயர்களில் பிரம்மா, விஷ்ணு, இந்திரா, சூரியா ஆகியவை உண்டு. உலகின் வேறு கரைகளில் அதே இனம் கிடைத்தபோதும் அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன. பெருமாள் கோயில்களில் பூசையில் வைக்கும் சாளக்கிராமமும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிவம். சேதராப்பட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் சமன்செய்யும்போது இவற்றின் மேல்தான் இயந்திரம் ஓடுகிறது.

திருவக்கரைக்குப் போகாதவர்கள் நம் பகுதியில் குறைவு. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே கிடப்பவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர் நம்பிக்கை. தலபுராணம் அதன் இடத்தில் இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டையில்லை. படித்தவர்களிடம் உலவும் இன்னொரு தவறுதான் எனக்குக் கவலை: "இங்கே ஒரு காடு இருந்து, நின்ற இடத்திலேயே கல்லாகிவிட்டது" என்பது. அந்தக் கட்டைகளைக் குனிந்து பாருங்கள். கிளை இல்லை, பட்டை இல்லை, இலை இல்லை. வேரூன்றி நிற்பதுபோல் இல்லாமல் படுத்துக் கிடக்கின்றன. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. பட்டையும் கிளையும் வழியிலேயே உரிந்துபோயின. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் அறையிலும் படிந்து, மரத்தின் வடிவத்தை அப்படியே கல்லில் காப்பாற்றிக் கொடுத்தது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. அவற்றில் புளியின் உறவும் உண்டு, குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டு. குங்கிலியக் குடும்பத்தின் பெருமரங்களை இன்று பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குப் போக வேண்டும். அன்று இந்தப் பக்கம் எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மரங்களைப் புதைத்த மணல்தான் கோரிமேடு. அந்த மணல்தான் எங்கள் தெரு மதில் ஓரத்தில் வரிசையாக இருந்த பிடிகள்.

இனித் தண்ணீர். போர் போடுவதற்கு முன்பு அந்த வீட்டில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தார்கள். பூமிக்கடியில் ஆறு ஒன்று ஓடுகிறது, அதன் நரம்பைப் பிடித்துவிட்டால் தண்ணீர் வற்றாது என்பது நம்மிடம் ஆழமாக ஊன்றிய நம்பிக்கை. நம் ஊரின் அடியில் அப்படி ஓடும் ஆறு இல்லை. தண்ணீர் மணலுக்கு மணல் இடையிலுள்ள இடுக்குகளில் நிற்கிறது, மிக மெதுவாக நகர்கிறது. ஒரு தம்ளர் பருமணலில் தண்ணீர் ஊற்றினால் எப்படி உள்வாங்குமோ, அப்படி. இந்தக் கூழாங்கல் மணல் இருக்கும் இடத்தில் தேங்காய் எங்கே எழுந்து நின்றாலும் தண்ணீர் கிடைக்கும்.

அந்தத் தண்ணீர் மேட்டில் பெய்த மழை. நமக்குப் பக்கத்திலிருக்கும் முத்திரையர்பாளையமே சாட்சி. தன் மாளிகையை இடித்துவிட்டு அங்கே ஊருக்குக் குளம் வெட்டிய ஆயியின் கதை நமக்குத் தெரியும். அவள் பெயரில்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தது முத்திரையர்பாளையத்திலிருந்துதான். ஆயியின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நல்ல தண்ணீர் ஊறியதற்குக் காரணம், அது செம்மேட்டின் அடிவாரம் என்பது. மேட்டில் இறங்கிய மழை மணற்பாறை வழியே கசிந்து அங்கே ஊற்றாக வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் தானாகவே தரைக்கு மேல் பொங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் 1880இல் அதைப் பற்றி எழுதி, சென்னையிலும் இப்படிக் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். மோட்டாரே இல்லாமல் பொங்கிய ஊரில் இன்று ஆண்டுக்கு ஆண்டு குழாயை ஆழமாக இறக்குகிறோம். கடலோரக் குடியிருப்புகளில் உப்பு ஏறுகிறது. கடற்கரை ஊர் என்பதால் தண்ணீர் உப்பாகவில்லை. உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்த நல்ல தண்ணீரை நாம் உறிஞ்சிவிட்டதால் கடல்நீர் உள்ளே வருகிறது.

கடற்கரைக்கும் இதே கதிதான். காந்தி சிலைக்கு முன்னால் மணல் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இளைஞர்களிடம் கேட்டால் "சுனாமி கொண்டுபோயிடுச்சு" என்கிறார்கள். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. மணல் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக் காலத்தில் மட்டும் திரும்பும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அந்த நடையைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரக் கரை கரைந்தது. நகரக் கரையின் தடுப்புச் சுவரோரம் கொட்டிய கருங்கற்கள் அலையைத்தான் தடுத்தன, மணலைத் தரவில்லை. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் அருகே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியதை நாமே பார்த்தோம். கரையை உண்டாக்குவது ஆறு கொண்டுவரும் மணலும் அதன் நடையும். இரண்டில் எதைத் தடுத்தாலும் கரை இல்லை.

கரையைப் போலவே மேட்டையும் நாமே அழிக்கிறோம். எங்கள் சாலை வழியே செம்மண் கிராவல் ஏற்றிய லாரிகள் போகின்றன. மேட்டை வெட்டி, ஏரிப் புறம்போக்கையும் தாழ்ந்த வயலையும் நிரப்பி மனை போடுகிறார்கள். மழை இறங்கும் இடத்தையும் தேங்கும் இடத்தையும் ஒரே லாரி அழிக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி மனு கொடுப்பது ஒரு வேலை, அதைச் சேர்ந்து செய்வோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீடு கட்டி முடித்ததும் மதில்வரை சிமென்ட் பூசிவிடாதீர்கள். நான்கடி அகலத்துக்காவது மண்ணை மண்ணாக விடுங்கள், மாடித் தண்ணீரை அதில் இறக்குங்கள்.