ஒரு தாய் பிள்ளைகளும் மூன்று ஓலைகளும்



அலவத்துகொடையில் வீதியோரமாகச் சற்று நில்லுங்கள். தெற்கே கண்டி, வடக்கே மாத்தளை. இன்று பஸ்ஸில் எளிதாகக் கடக்கும் இவ்வழி, ஒரு காலத்தில் இரு சகோதரரின் ஆட்சிப் பகுதிகளை இணைத்த வழியாகும்.

கண்டி மன்னன் செனரத் தன் இராச்சியத்தை மூன்று இளவரசர்களுக்குப் பங்கிட்டான். பங்குகளின் பெயர்களை ஓலைகளில் எழுதி, புனித தந்தத்தின் அருகே வைத்து எடுக்கச் செய்தான் எனச் சூளவம்சம் கூறும். குமாரசிங்கனுக்கு ஊவா, விஜயபாலனுக்கு மாத்தளை, இளையவன் இராஜசிங்கனுக்குக் கண்டி. மன்னனின் நோக்கம் சமாதானமே.

ஒற்றுமை இருந்தவரை வெற்றியும் இருந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் மூவரும் சேர்ந்து போர்த்துக்கேயப் படையை முறியடித்தனர். 1635இல் செனரத் மறைந்தான். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் அழிந்தனர்.

ஆனால் குமாரசிங்கன் இறந்தபின், ஊவா யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. எதிரியை வென்ற கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. தோல்வியுற்ற விஜயபாலன், தான் எதிர்த்துப் போராடிய போர்த்துக்கேயரிடமே அடைக்கலம் புகுந்தான். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே மரித்தான். மாத்தளை மீண்டும் கண்டியோடு சேர்ந்தது. நாடு ஒன்றானது, சகோதரர் ஒன்றாகவில்லை.

தம்பியும் அந்நியரையே நம்பினான். 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இல் கொழும்பு வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதை அரசனிடம் ஒப்படைக்கவில்லை. “இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது” எனச் சிங்கள மக்கள் இன்றும் சொல்வர். அந்த ஒல்லாந்தரே கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1692இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் பணியாற்ற வந்ததும் இதே கண்டி இராச்சியத்திற்கே. முதலில் ஒற்றன் எனச் சிறைப்பட்டார். பின்னர் இராஜசிங்கனின் மகனான இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார்.

அன்பர்களே, பங்கு சரியாயிருந்தால் மட்டும் போதாது. மனமும் சரியாயிருக்க வேண்டும். காணித் துண்டொன்றுக்காகப் பேச்சற்றுப் போன அண்ணன் தம்பியர் நம் பங்கிலும் இல்லையா? நன்மை வாங்கும் வரிசையிலும் முகம் திருப்பி நிற்கிறார்களே! வழக்கில் வென்றவனுக்குக் காணி கிடைக்கும், சகோதரன் கிடைப்பானா?

பிளவுபட்ட வீட்டைப்பற்றி ஆண்டவர் மொழிந்ததை, மாற்கு 3ஆம் அதிகாரத்தில் இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள்.

சிந்திக்க:
1. நம் வீட்டில் இன்னும் பேசித் தீராத பங்கு எது?
2. அதைத் தீர்க்க முதலில் யாரிடம் போகிறோம்: உடன்பிறந்தவரிடமா, பிறரிடமா?
3. இவ்வாரம் முதல் வார்த்தையை யார் பேசுவது?