சாயத்தண்ணீருக்கு எந்தக் கரி?

குருவிகுளம் சுற்றிலும் கரிசல் காடு. வற்றாத ஆறு கிடையாது. கிணறும் கண்மாயும் மழையை நம்பி இருக்கின்றன. இங்கே விட்ட சாயத்தண்ணீர் விட்ட இடத்திலேயே நிற்கும். ஆறு இருந்த திருப்பூரே தப்பவில்லை. அந்த ஆற்றில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரி 28 அன்று அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

சங்கரன்கோவில் பக்கம் சின்னதாக நூல் சாயம் போடுகிறவருக்கும், கல்லூரி புராஜெக்டுக்கு ‘காந்த நானோ கரி’யைத் தேடும் மாணவருக்கும் இந்த ஒப்பீடு.

1. சிரட்டைக் கரி
கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இது. ஒரு கிராமுக்குள் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை உள்பரப்பு உண்டு. சாயம் ஒட்டுவது அதில்தான். குருணையாக வாங்கிக் குழாயில் நிரப்பினால் வடிகட்டும் வேலையே இல்லை. பொடி வேகமாகப் பிடிக்கும், ஆனால் வடிதுணியை அடைத்துக்கொள்ளும். நம்மூர் சீமைக்கருவேல மூட்டக்கரியை அப்படியே இடித்துப் போட்டால் போதாது. நீராவியோ ரசாயனமோ கொண்டு அதன் நுண்துளைகளைத் திறக்க வேண்டும்.

2. காந்தக் கரி
ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை 1:2 என்ற மோல் விகிதத்தில் கரைத்து, கரிப்பொடியைப் போட்டு, காரம் விட்டால் மேக்னடைட் துகள்கள் கரியின் மேல் படியும். சாயத்தண்ணீரில் கலக்கிவிட்டு, கண்ணாடிக் குவளையின் பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். கறுப்பெல்லாம் அந்தப் பக்கமாக ஒதுங்கும். தெளிந்த நீரை அப்படியே சாய்த்து ஊற்றலாம். இதற்கு விலை உண்டு. எடையில் ஒரு பங்கு இரும்பு என்பதால், கிராமுக்குப் பிடிக்கும் சாயம் பெரும்பாலும் குறையும். கடும் அமிலத்தில் இரும்பு கரையும். மறுபடி பயன்படுத்தக் காற்றுபடக் கடுமையாகச் சுட்டால், மேக்னடைட் ஹெமடைட்டாகி காந்தத்துக்கு இழுபடாது.

3. காந்தமேற்றிய கார்பன் நானோ குழாய், கிராஃபீன் ஆக்சைடு
ஆய்வகத்தில் அசத்தும், விலையும் அசத்தும். கிராஃபீன் ஆக்சைடு செய்யும் வழக்கமான முறைக்கு அடர் கந்தக அமிலமும் பெர்மாங்கனேட்டும் வேண்டும். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யப்போய் அமிலத் தண்ணீர் மிஞ்சும். ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், பட்டறைக்கு வேண்டாம்.

முதலில் சாயத்தைப் பாருங்கள்
பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் எதிர்மின் ஏற்றம் கொண்டது. கிராஃபீன் ஆக்சைடும் எதிர்மின்தான், ஒன்றையொன்று தள்ளும். அக்ரிலிக் நூலின் பேசிக் சாயம் நேர்மின். அது ஓடி வந்து ஒட்டும். மாணவர்கள் வழக்கமாகச் சோதிக்கும் மெத்திலீன் நீலமும் நேர்மின் சாயமே. அதில் 99 சதவீதம் நீங்கியது என்று பருத்திச் சாயத்துக்கும் அதையே நம்பினால் ஏமாற்றம்தான். பாலியெஸ்டரின் டிஸ்பெர்ஸ் சாயம் சரியாகக் கரையாதது. படிகாரம் போட்டே பெரும்பங்கைப் படியவைக்கலாம்.

எந்தக் கரியும் செய்யாதது
ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். கரி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரும் கரிசல் வயலைக் கெடுக்கும். உப்புக்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கலும் வேண்டும். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த வழிக்குத்தான் போயின. சாயம் குடித்த கரியையும் குப்பையில் கொட்ட முடியாது. சுத்திகரிப்பில் மிஞ்சும் ரசாயனச் சேறு 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது.

எதை எடுப்பது?
தினமும் ஓடும் பட்டறைக்குக் குருணைக் கரி. தொட்டி தொட்டியாகச் சுத்தம் செய்பவர், பொடியை வடிகட்ட முடியாமல் திணறினால் காந்தக் கரி. வாங்குமுன் உங்கள் தொட்டித் தண்ணீரையே மூன்று பாட்டிலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் ஒரு கரி போட்டு, ஒரு மணி நேரம் குலுக்கிப் பாருங்கள். கரியைக் கழுவி அதையே இரண்டாம், மூன்றாம் முறையும் போட்டுப் பாருங்கள். காந்தம் தீர்ப்பது கரியை வெளியே எடுக்கும் சிக்கலை மட்டும்தான். அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லையென்றால், சிரட்டைக் கரிக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.