மருத்துவமனைப் படுக்கையும் வங்கிக் கணக்கும்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு இனி உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தினர் பெருமூச்சு விடுகின்றனர். அவர்களுடைய உழைப்போ அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பு கூடுவதற்கு வாரக்கணக்கிலும், நடை திரும்புவதற்கு மாதக்கணக்கிலும் காலம் பிடிக்கலாம். அத்தனை நாளும் படுக்கையருகே ஒருவர் இருக்க வேண்டும். பணத்துக்கும் தாள்களுக்குமாக வெளியே அலைய இன்னொருவர் வேண்டும். இரண்டையும் ஒருவரே சுமக்க முற்பட்டால் விரைவில் அவரும் நோயாளியாகிவிடுவார்.

நான் கிளை மேலாளராகப் பணியாற்றிய காலத்தில் ஒரு பெண்மணி வந்தார். கணவர் பெயரில் மட்டும் இருந்த சேமிப்புக் கணக்கின் புத்தகத்தை மேசைமேல் வைத்து, “நாமினி நான்தான் சார். நாளைக்கு ஆபரேஷனுக்குப் பணம் கட்டணும்” என்றார். நியமனதாரரின் உரிமை கணக்குதாரரின் மறைவுக்குப் பின்னரே எழுகிறது. அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பணம் அவருடையது மட்டுமே. இதை அந்த நேரத்தில் அவரிடம் எடுத்துச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

“அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்கு சார். ஆனா ரெண்டு கையிலும் கட்டு. கையெழுத்துப் போட முடியாது” என்றார்.

நினைவு இருக்கிறதே, அது போதும். கையொப்பமிட இயலாத நோயாளியிடம் கைப்பெருவிரல் அல்லது கால்பெருவிரல் ரேகையைப் பெற்றுப் பணம் வழங்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் கூறுகின்றன. வங்கிக்கு அறிமுகமான, சார்பற்ற இரு சாட்சிகள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரேகை வைக்கவும் இயலாதவரிடம் ஒரு குறியீட்டைப் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு. பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதையும் நோயாளியே குறிப்பிட வேண்டும்.

அன்று மாலையே பணமெடுப்புப் படிவத்தோடும் மைப்பெட்டியோடும் மருத்துவமனைக்குச் சென்றோம். அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர். அவர் மற்றொரு சாட்சி. தொகையைப் படித்துக் காட்டியதும் அவர் சற்று யோசித்து, “இன்னும் பத்தாயிரம் சேர்த்து எழுதுங்க. பொண்ணுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும்” என்றார். அவரை வருத்த வேண்டாமென்று மனைவி மறைத்து வைத்திருந்த செய்தி அது. விபத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் காரியம் பேசியது அன்றுதான் என்று திரும்பும் வழியில் அந்த அம்மா சொன்னார்.

அடிபட்டவரைக் குழந்தையாக்கிவிடுவது அன்பின் பெயரால் நாம் செய்யும் பிழை. தானே கரண்டி பிடிக்கக்கூடியவருக்கு ஊட்டிவிடுகிறோம். அவர் காதுபடவே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறோம். அவருடைய பணத்தை அவரைக் கேட்காமலே செலவிடுகிறோம். அட்டையும் இரகசிய எண்ணும் கையில் இருக்கின்றனவே என்று ஏடிஎம்முக்குப் போகும் உறவினர் பலர். அது விதிமுறைக்குப் புறம்பானது. பின்னாளில் உடன்பிறந்தோரிடையே பூசலுக்கும் இடந்தரும்.

சுயநினைவு திரும்பாதோர் நிலை வேறு. அங்கே கிளை மேலாளரின் மனிதாபிமானம் மட்டும் பயன்படாது. முன்பே எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் கைகொடுக்காது. எழுதியவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகமை முடிவடையும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். நீண்டநாள் நினைவிழந்தவருக்குக் காப்பாளரை நியமிக்கக் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். இதற்கான வழிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்துத் தந்தது. இருவரில் எவரும் இயக்கலாம் என்னும் நிபந்தனையுடன் கூட்டுக் கணக்கு ஒன்று இருந்திருந்தால், அன்றாடச் செலவுக்கேனும் இந்த அலைச்சல் நேராது.

படுக்கையருகே இருப்பவரின் பணி வேறுவகைப்பட்டது. அசையாமல் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க, பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வர். அதைச் சரியாகச் செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டறிவது அவசியம். தலைக்காயம் பட்டவர் காரணமின்றிச் சினம் கொள்ளலாம். சற்றுமுன் கேட்டதையே மறுபடியும் கேட்கலாம். அது காயத்தின் விளைவு என்று உணர்ந்து, இன்ன நாள், இன்ன இடம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பின் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, வலிப்பு, மீறிய உறக்கம் தோன்றினாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறுதல் சொல்ல வரும் கூட்டத்தை வாயிலிலேயே தடுக்க உறவினர் ஒருவருக்குத் துணிவு வேண்டும். நோயாளிக்கு உறக்கமும் மருந்தே.

வெளியே அலைபவர் ஒரு கோப்பைத் தொடங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகல், மூல ரசீதுகள், மருத்துவமனை தரும் விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றை அதில் சேர்த்து வரவேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் காயமுற்றவர் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஆண்டுக்கு ரூ.20 பிரீமியம் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். அது மருத்துவச் செலவை ஈடுசெய்வதன்று; விபத்தால் மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் ரூ.2 லட்சமும், ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண்ணை முற்றிலும் இழக்க நேர்ந்தால் ரூ.1 லட்சமும் தருவது. மாதத் தவணை ஏதும் இருந்தால், காசோலை திரும்பிய பின் வருந்தாமல் முன்னரே கிளைக்குத் தெரிவியுங்கள்.

ஐந்து மாதங்களுக்குப் பின் அந்தக் கணவர் கைத்தடி ஊன்றிக் கிளைக்கு வந்தார். கணக்கில் மனைவியின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் இட்ட கையொப்பம் எங்களிடம் இருந்த மாதிரியோடு பொருந்தவில்லை. முறிந்து கூடிய மணிக்கட்டு பழைய வளைவுகளை மறந்திருந்தது. அடையாளச் சான்றைச் சரிபார்த்துப் புதிய மாதிரிக் கையொப்பம் பெற்றோம். மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு, நான்காவதை அவரே தேர்ந்தெடுத்தார்.