தொக்கணம்: பிடித்துவிடும் கலை

பெங்களூரில் 2008ஆம் ஆண்டு முதல் 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்று நடைபெற்று வருகிறது. பந்தயத்திற்கு மறுநாள் நம் விடுதிக்கு வந்து பாருங்கள். முந்தைய நாள் காற்றாய்ப் பறந்தவர்கள், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். "டேய், காலைக் கொஞ்சம் பிடித்துவிடடா" என்னும் குரல் அறைதோறும் கேட்கும். இப்பிடித்துவிடுதலால் விளையும் பயன் யாது? எங்கே அது தீங்காகும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இந்நகரின் பழைய பேட்டைப் பகுதிகளில் 'கரடி மனை' எனப்படும் மற்போர்க் கூடங்கள் உண்டு. (தமிழர் காதுக்கு அச்சந்தரும் பெயர்தான், ஆயினும் அங்கே இருப்போர் பயில்வான்களே!) செம்மண் களத்தில் புரண்டெழுந்தவர்கள் எண்ணெய் தேய்த்து ஒருவரையொருவர் பிடித்துவிடுவது அங்குப் பயிற்சியின் ஒரு பகுதி. நம் சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்னும். 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றான இது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும்.

ஓடும்போது தசையில் தங்கிய லாக்டிக் அமிலத்தைக் கை பிழிந்து வெளியேற்றுகிறது என்பர் பலர். இது பிழை. அவ்வமிலம் ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே தணிந்துவிடும். நோவோ மறுநாளும் அதற்கடுத்த நாளுமே உச்சமடைகிறது. பழகாத உழைப்பால் தசையிழைகளில் நேரும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடரும் அழற்சியுமே அதற்குக் காரணம். கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று சுவையானது. 11 இளைஞர்களைக் களைக்கும்வரை மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். பின்னர் ஒரு தொடையை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரு தொடைகளிலும் தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தனர். லாக்டிக் அமில அளவில் வேறுபாடில்லை. ஆனால் பிடித்துவிட்ட தசையில் அழற்சிக் குறிகள் குறைந்திருந்தன. பதினொருவரைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. எனினும் நம் பாட்டிமாரின் கை வீணன்று எனத் தோன்றுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. முழங்கையை இடித்துக்கொண்டால் எண்ணாமலே தேய்த்துக்கொள்கிறோமல்லவா? தொடு உணர்ச்சி நரம்புகள் விழிப்புறும்போது வலிச்செய்தி முதுகுத்தண்டின் வாயிலிலேயே தடைப்படுகிறது என மெல்சாக், வால் ஆகிய இருவர் 1965இல் விளக்கினர். அக்கதவு சிறிது நேரமே சாத்தியிருக்கும். அதற்குள் எழுந்து நடந்து, மூட்டுகளை மடக்கி நீட்ட வேண்டும். பிடித்துவிட்டதும் போர்த்திக்கொண்டு படுத்தால், பிடித்தவன் உழைப்பு வீண்.

இனி, தொடலாகாத இடங்கள். முடிதிருத்துமிடத்தில் தலையைப் பிடித்துவிட்டு, இறுதியில் கழுத்தை 'மடக்'கெனத் திருகும் வழக்கம் உண்டு. மூளைக்குச் செல்லும் நாடிகள் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழியலாம். அதனால் பக்கவாதமுற்றோரும் உளர். "அண்ணா, கழுத்து வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே குருதி உறைந்திருக்கலாம். அது பெயர்ந்தால் நுரையீரலை அடைக்கும்.

என் முதலாண்டில் கால்பந்தாட்டத்தின்போது கணுக்கால் பிசகியது. அடி ஊன்ற முடியவில்லை. "சுளுக்குத்தான்" என்று நண்பர்கள் அழைத்துச் சென்ற இடத்தில் ஒருவர் நல்லெண்ணெய் ஊற்றி, நான் அலற அலற உருவினார். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. 1992இல் ஆட்டவா நகர மருத்துவர்கள் வகுத்த எளிய விதியை அன்று நான் அறியேன்: நான்கடி நடக்க இயலாவிடினும், கணுவெலும்பின் பின்விளிம்பை அழுத்த வலித்தாலும், முதலில் எக்ஸ்ரே.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அவிழ்த்தபோது கால் குச்சியாய் மெலிந்து, கணு அசைய மறுத்தது. இயன்முறை மருத்துவர் நாள்தோறும் நீவி, அழுத்தி, அசைத்து அதை வளையவைத்தார். அப்போதும் அலறத்தான் செய்தேன். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் கையை நிறுத்தி, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார்.