வீட்டு விசேஷ வீடியோ: படம் இருக்கிறது, குரல் எங்கே?

சென்ற ஆண்டு பாரீசிலிருந்து என் அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, 2005-ல உன் தங்கச்சி கல்யாணத்துல வீடியோ எடுத்தியே, அதுல அம்மா பேசினது இருக்குமா? அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்கு" என்றார்.

என் பாட்டி 2009-ல் காலமானார். அத்தையால் அப்போது புதுச்சேரிக்கு வர முடியவில்லை. பீரோவில் தேடினேன். மினி டிவி டேப் கிடைத்தது. (இங்கே டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.) நல்லவேளையாகப் பழைய கேமராவும் ஓடியது. முற்றத்தில் உட்கார்ந்து பாட்டி மூன்று நிமிடம் ஏதோ கதை சொல்கிறார். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் காதில் விழுவது டேபிள் ஃபேன் இரைச்சலும் சமையல்காரர்களின் பாத்திரச் சத்தமும்தான்!

நான் செய்த தவறு என்ன? திண்ணைப் பக்கம் நின்றுகொண்டு ஜூம் செய்து எடுத்திருக்கிறேன். ஜூம் படத்தைத்தான் அருகில் கொண்டுவரும், குரலைக் கொண்டுவராது. இந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஹேண்டிகேம், செல்போன் இரண்டுக்கும் இது பொருந்தும்.

எடுக்கும்போது

1. அருகில் செல்லுங்கள். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், மைக்கை எட்டும் ஒலியின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து எடுங்கள்.

2. ஃபேன், மிக்ஸி, டிவி, மோட்டார் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பேச்சு மெதுவாக இருந்தால் கேமரா தானாகவே ஒலியைக் கூட்டிப் பதிவு செய்யும். அப்போது ஃபேன் சத்தமும் சேர்ந்து கூடும்.

3. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருட்டாகிவிடும். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவையுங்கள்.

4. கேமராவை அங்குமிங்கும் வீசாதீர்கள். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாமல் பிடியுங்கள்.

5. "ஏதாவது பேசுங்க" என்றால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். "உங்க கல்யாணத்துக்கு என்ன பலகாரம் போட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தவே மாட்டார்கள்!

நீளமாக எடுக்க வேண்டும் என்பதில்லை. 1895-ல் பாரீசில் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்களில் ஒன்று, அண்ணன் ஒகுஸ்த் தம் மனைவியுடன் அமர்ந்து குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாத, சத்தமே இல்லாத அந்த வீட்டுப் படத்தை இன்றும் பார்க்கிறார்கள்.

பழைய டேப் இருந்தால்

டேப்பின் ஓரத்தில் உள்ள சிறு பட்டனைத் தள்ளி, மேலே வேறு எதுவும் பதிவாகாமல் பூட்டுங்கள். எங்களூர்க் கடற்காற்றின் ஈரம் டேப்புக்கு ஆகாது, பூஞ்சை பிடிக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

மினி டிவி கேமராவின் யுஎஸ்பி வயர் பெரும்பாலும் முழுத் தரத்தில் வீடியோவைத் தராது. பயர்வயர் வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் பயர்வயர் கார்டைப் பொருத்தி, கேமராவை பிளே நிலையில் வைத்து இணையுங்கள். விண்டிவி என்ற இலவச மென்பொருளில் கேப்சர் பட்டனை அழுத்துங்கள். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். சுமார் 13 ஜிபி இடமும் தேவை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

அந்த ஃபைலை அப்படியே இரண்டு டிஸ்க்குகளில் காப்பி செய்து வையுங்கள். உறவினருக்கு அனுப்ப, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றலாம். வி.எச்.எஸ். காலத்தில் நாம் இங்கிருந்து அனுப்பிய பால் முறை கேசட், பிரான்சின் செக்காம் முறைக் கருவிகளில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். எம்பி4-க்கு அந்தத் தொல்லை இல்லை.

நானும் அப்படித்தான் அனுப்பினேன். அந்த மூன்று நிமிடக் கதையில் அத்தைக்கு எதுவும் புரியவில்லை. கடைசியில் நான் கேமராவுடன் அருகே போனபோது பாட்டி என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டது மட்டும் தெளிவாக இருக்கிறது. அத்தை அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அடுத்த விசேஷம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபேனை நிறுத்திவிட்டு அவர்கள் அருகில் போய் உட்காருங்கள்.